குரோஷா போட்டுக் கொடுக்க விரும்புகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியிலும் சுற்றுவட்டாரத்திலுமாக நாங்கள் பதின்மூன்று பேர். கொக்கி ஊசியும் நூலுமாகக் குரோஷா போடுகிறோம், விற்பதில்லை, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். சங்கம் இல்லை, பதிவு இல்லை, ரசீதுப் புத்தகம் இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, என் வீட்டில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி உண்டு. புதிதாக யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன்.

குரோஷா என்றால் ஸ்வெட்டர் பின்னுவதா?

இல்லை. ஸ்வெட்டர் பின்ன இரண்டு நீள ஊசி வேண்டும், கண்ணிகள் வரிசையாக ஊசியிலேயே உட்கார்ந்திருக்கும். குரோஷாவுக்கு நுனியில் கொக்கி வைத்த ஒரே ஊசி. எந்த நேரத்திலும் கையில் இருப்பது ஒரு கண்ணிதான். பஸ் வந்துவிட்டதா, அந்த ஒரு கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறலாம், அவிழாது. எங்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். குரோஷா எங்களுக்கு ஒத்துவந்ததற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று. பின்னலுக்கு இயந்திரம் உண்டு, குரோஷாவுக்கு இன்றுவரை அதே மாதிரி போடும் இயந்திரம் வரவில்லை. கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷா மேல்சட்டையையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால்தான் போட்டிருக்கிறார். அந்த விலையில் அவருக்கு என்ன கூலி போயிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி யாருக்கு வேண்டும்?

சித்திரையில் தருமபுரி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு கேட்டால் நியாயமான கேள்விதான். மார்கழியில் ஓசூரிலோ தளியிலோ விடியற்காலை நின்று பாருங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் காலை எட்டு மணிக்கும் நெருப்பு மூட்டிக் குளிர் காய்வார்கள். இந்தப் பக்கம் வத்தல்மலை, சித்தேரி. 2004-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது, குளிரில் பெரிய பங்கு கிருஷ்ணகிரிக்குப் போனது என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வோம்.

ஆனால் நாங்கள் அதிகம் போடுவது மலைக் குளிருக்கு அல்ல. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தருமபுரியின் பங்குனி வெயிலிலும் குளிரும். பச்சிளம் குழந்தையின் உடல் வெப்பம் 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. உடம்பில் தலையின் பங்கு பெரிது, அது வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும். நாம் மின்விசிறி போட்டுக்கொண்டு வியர்க்கும் அறையில் அந்தக் குழந்தை சில்லிட்டுக் கிடக்கும்.

ஒரு போர்வை போட மாதக்கணக்கில் ஆகிறது. அந்தக் காசுக்குக் கடையில் நாலு போர்வை வாங்கிக் கொடுக்கலாமே?

கொடுக்கலாம். கொடுங்கள். இதைச் சொன்னால் எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் முறைப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன்: வெறும் குளிருக்குத்தான் என்றால் கடைப் போர்வைதான் கெட்டிக்காரத்தனம். பெரியவர் ஒருவர் போர்த்தும் குரோஷா போர்வைக்கு ஒரு கிலோவுக்கு மேல் நூல் இழுக்கும். நூல் விலைக்கே இரண்டு போர்வை வந்துவிடும், உழைப்பைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அதனால் நாங்கள் கடையில் கிடைக்காததைப் போடுகிறோம். ஒன்றேகால் கிலோ எடையில் பிறந்த குழந்தைக்குத் தொப்பி எந்த ரெடிமேட் கடையில் தொங்குகிறது? புற்றுநோயால் மார்பகம் எடுத்த பெண்ணுக்கு உள்ளாடைக்குள் வைக்க, எடை தெரியாத, கழுவிக் காயப்போடக்கூடிய ஒரு மெத்தை எங்கே கிடைக்கிறது? கையால் போடுவதற்கு அர்த்தம் இருப்பது அந்த இடங்களில்தான். மற்றதெல்லாம் நம் ஆசைக்கு. ஆசைக்குப் போடுவதும் தப்பில்லை, ஆனால் அதை ஆசை என்றே சொல்லிக்கொள்ள வேண்டும்.

புதிதாகச் சேருகிறவர் முதலில் எதைப் போட வேண்டும்?

தொப்பி. நூறு கிராம் நூலில் ஐந்து வரும். பழகிய கைக்கு ஒரு மாலை, புதுக் கைக்கு மூன்று மாலை.

நாங்கள் போடும் முறை இது. நடுத்தரத் தடிமன் நூல், 3.5 அல்லது 4 மி.மீ. ஊசி. நூலை ஒரு வளையமாக்கி, அந்த நடுவளையத்தில் 12 டபுள் கண்ணி (டபுள் என்றால் எது என்பது கீழே யூடியூப் கேள்வியில் இருக்கிறது). இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆக 24. மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, 36. நான்காவதில் இரண்டு கண்ணி ஒற்றையாக, மூன்றாவதில் இரண்டு, 48. இந்த இடத்தில் வட்டத்தை மேசையில் வைத்துக் குறுக்கே அளந்தால் ஒன்பது செ.மீ. போல இருக்க வேண்டும். இதற்கு மேல் கூட்டாமல் ஐந்து சுற்று நேராக இறக்கினால், 28 செ.மீ. சுற்றளவில் குறைமாதக் குழந்தைக்குத் தொப்பி தயார். நிறைமாதக் குழந்தைக்குத் தலைச் சுற்றளவு 33-லிருந்து 35 செ.மீ. இருக்கும். அதற்கு ஐந்தாம் சுற்றில் இன்னும் ஆறு கண்ணி கூட்டி 54 ஆக்கி, ஏழு சுற்று இறக்குங்கள். தொப்பி தலையைவிட ஒன்றிரண்டு செ.மீ. சின்னதாக இருந்தால்தான் நிற்கும், பெரிதாக இருந்தால் கண்ணை மூடும்.

டேப் இல்லையா? ரொம்பச் சின்னத் தொப்பி ஒரு நல்ல சாத்துக்குடிக்குச் சரியாக உட்கார வேண்டும். நிறைமாதத் தொப்பி உரித்த தேங்காய்க்கு. எங்கள் வீட்டு அடுக்களையில் தேங்காய்க்குத் தொப்பி போட்டுப் பார்ப்பதைக் கண்டு என் பேரன் அதற்கு மைபேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்துவிட்டான். அன்றைக்குச் சட்னி அரைக்க மனசு வரவில்லை.

எந்த நூல்? கம்பளிதானே நல்லது?

மருத்துவமனைக்குப் பருத்தி. காரணம், வெந்நீரில் துவைக்க வேண்டியிருக்கும். பருத்தி தாங்கும். கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் இழை. மென்மையாக இருக்கும், நிறம் போகாது, பிள்ளைகளுக்கு ஸ்கார்ஃப் போட அருமை. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் துவண்டு பளபளத்துவிடும், பிறகு மீளாது.

வாங்கியது என்ன நூல் என்று சந்தேகமா? ஒரு விரற்கடை வெட்டி, எவர்சில்வர் தட்டில் வைத்து, தீக்குச்சியால் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். அசல் கம்பளி தலைமுடி கருகும் நாற்றம் அடித்து, தானே அணையப் பார்க்கும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும், ஆறுவதற்குள் தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். மலை வீடுகளில் இன்னும் விறகடுப்பு எரிகிறது. அடுப்பு முன்னால் குனிந்து ஊதும் ஒரு பாட்டிக்கு நுனிக் குஞ்சம் தொங்கும் அக்ரிலிக் சால்வை கொடுப்பது எனக்குப் பயம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அசல் கம்பளி கலந்த நூலில், குஞ்சம் வைக்காமல் போடுகிறோம்.

நூல் வாங்க: சின்ன அளவுக்கு ஊர் ஃபேன்சி ஸ்டோர் போதும். மொத்தமாக வேண்டுமென்றால் ஓசூர்க்காரர்கள் பெங்களூரு சிக்பேட்டைக்குப் போய் வருகிறார்கள், நாங்களும் அவர்களிடம் சொல்லிவிடுவோம். லேபிளில் சாய லாட் எண் இருக்கும். ஒரே போர்வைக்கு வாங்கும் உருண்டைகள் எல்லாம் ஒரே எண்ணாக இருக்கட்டும். ‘அதே மஞ்சள்தாம்மா’ என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் வெயிலில் பிரித்தால் இரண்டு மஞ்சளாகத் தெரியும்.

யூடியூப் பார்த்துப் போட்டேன், பாதி அளவுதான் வருகிறது. ஏன்?

அமெரிக்கர்களுக்கும் பிரிட்டிஷ்காரர்களுக்கும் கண்ணிப் பெயர் வேறு. அமெரிக்காவில் சிங்கிள் என்பதை பிரிட்டனில் டபுள் என்பார்கள், அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். மேலே நான் சொன்னது அமெரிக்க டபுள், அதாவது ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு எடுத்து, இரண்டிரண்டாகக் கழற்றுவது. கான்வென்டில் பழைய சிஸ்டர்களிடம் கற்றவர்களுக்குப் பிரிட்டிஷ் பெயர் வாயில் வரும். எங்கள் குழுவில் இதனால் ஒரு சண்டையே நடந்து, இப்போது யாரும் பெயர் சொல்வதில்லை, வீடியோதான் அனுப்புகிறோம்.

போட்டு முடித்ததும் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா?

கூடாது. நான் அப்படிப் போய்ப் பட்டேன். முதல் வருஷம் பதினொரு குட்டிப் போர்வைகள், பூப்பூவாக ஓட்டை வைத்து, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக. ஒரு குழந்தைகள் வார்டுக்கு யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த செவிலியர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். ‘அழகா இருக்குதுங்கக்கா’ என்றார். பிறகு தன் பேனா மூடியை எடுத்து ஒரு ஓட்டைக்குள் விட்டு, லேசாகத் திருகினார். மூடி நூலில் சுற்றிக்கொண்டு வர மறுத்தது. ‘இதுதான் அதோட விரல்னு வெச்சுக்குங்க’ என்றார். பதினொன்றையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். டவுன் பஸ்ஸில் மடியில் அந்தப் பை இருந்த கனம் எனக்கு மறக்கவில்லை. அன்று கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்த பிறகுதான் கோபம் போனது.

இப்போது எங்கள் வழக்கம் இது. முதலில் இரண்டே இரண்டு மாதிரி. அரசு மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, பச்சிளம் குழந்தைகள் பிரிவின் தலைமைச் செவிலியரைப் பார்க்கிறோம். ‘என்ன வேண்டும், என்ன அளவு, என்ன நூல், என்னவெல்லாம் கூடாது’ என்று நான்கு கேள்வி. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாம் போட்டுவிட்டோம் என்பதற்காக அவர் வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

கூடாதவை பட்டியல் எல்லா இடத்திலும் அநேகமாக ஒன்றுதான்: பொத்தான், மணி, ரிப்பன், கழுத்தில் கட்டும் கயிறு. காலுறை போட்டால் உள்பக்கத்தைத் திருப்பி நூல் துண்டு தொங்குகிறதா என்று பாருங்கள். ஒற்றை இழை கால்விரலில் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், குழந்தை எதற்கு அழுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வயதுக்குள் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். முகத்தை மூடிவிடும்.

தொப்பிக்கு மட்டும் இப்போதெல்லாம் நல்ல வரவேற்பு. ‘கங்காரு பராமரிப்பு’ கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைத்தே சூடு கொடுப்பது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அந்த நேரத்தில் குழந்தைக்கு உடுப்பு என்பது ஒரு தொப்பி, ஒரு டயப்பர், காலுறை. அவ்வளவுதான். அப்பாவும் வைத்துக்கொள்ளலாம்.

கொடுப்பதற்கு முன் எப்படிச் சுத்தம் செய்வது? பீரோவில் வைத்திருக்கலாமா?

வாசனையில்லாத சோப்பில் துவைத்து, வெயிலில் காயவைத்து, ஜிப் பையில் போட்டு மூடுங்கள். பருத்தியானால் ஒருமுறை கொதிநீரில் முக்கி எடுக்கலாம். போடும்போது தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், பையில் தேங்காயெண்ணெய் வாசம் வந்துவிடுகிறது.

பீரோ என்றதும் எனக்குப் பதைக்கிறது, அந்துருண்டைதான் காரணம். நம் வீடுகளில் பட்டுப்புடவையோடு அதுவும் இருக்கும். நாப்தலீன் அந்துருண்டை வாசம் ஏறிய துணி பச்சிளம் குழந்தைக்கு ஆபத்து. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு அந்த ஆவி பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அந்துருண்டை இருந்த அலமாரியில் வைத்த எதையும் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை, துவைத்துவிட்டேன் என்றாலும். அவை பெரியவர்களுக்கான பெட்டிக்குப் போகும். எங்கள் டிரங்குப் பெட்டியில் காய்ந்த வேப்பிலைதான்.

ஆக்டோபஸ் பொம்மை போடுகிறார்களாமே?

டென்மார்க்கில் 2013-இல் தொடங்கியது. குறைமாதக் குழந்தை அதன் கைகளைத் தொப்புள்கொடி மாதிரி பற்றிக்கொள்ளும், சிகிச்சைக் குழாயைப் பிடித்து இழுக்காது என்பது யோசனை. நூறு சதவீதம் பருத்தி, கைகள் இழுத்து நீட்டினாலும் 22 செ.மீ. தாண்டக் கூடாது, 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும் என்று கறாரான விதிகள் உண்டு. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் மருத்துவ ரீதியாகப் பெரிய நிரூபணம் இல்லை, பல மருத்துவமனைகள் தொற்றுக்குப் பயந்து உள்ளே விடுவதில்லை. நாங்கள் போடுவதில்லை.

தொட்டில் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? போய்ப் பார்க்கலாமா?

பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரி உள்ளிட்ட வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஏன் தருமபுரி என்று இந்த ஊரில் பிறந்த பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் அம்மா காலத்தில் மூன்றாவதும் பெண் என்றால் தெருவே வாயை மூடிக்கொள்ளும்.

கொடுக்கலாம். குழந்தைகள் இல்லங்களுக்கு எதுவானாலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலமாகப் போங்கள். போய்ப் பார்ப்பது, தூக்கிக் கொஞ்சுவது, தொப்பி போட்டுப் படம் எடுப்பது கிடையாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, அப்படிப்பட்ட குழந்தையின் அடையாளம் தெரியும்படி படமோ பெயரோ வெளியிடுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் எடுக்க மாட்டோம். பிறந்தநாள் அன்று கேக்கோடு வந்து பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேக் வெட்டும்வரை அந்தப் பிள்ளைகள் கேமராவைத்தான் பார்க்கின்றன.

புற்றுநோய் நோயாளிகளுக்கு என்ன போடலாம்?

நம் பக்கத்திலிருந்து சிகிச்சைக்குச் சேலம், சென்னை அடையாறு, பெங்களூரு கித்வாய் என்று போகிறார்கள். கீமோவில் முடி கொட்டினால் தலைத்தோல் தொட்டாலே எரியும். அதற்குப் பருத்தித் தொப்பி, உச்சியில் முடிச்சு உறுத்தாமல், தையல் வெளிப்பக்கம் வருமாறு. நம் பெண்கள் தொப்பியோடு வெளியே போகக் கூச்சப்படுகிறார்கள். அதனால் தலையோடு ஒட்டிய மெல்லிய தொப்பியாகப் போடுகிறோம், முந்தானையை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். இது எங்களுக்குத் தோன்றியதில்லை, ஒரு அம்மா கேட்டு வாங்கிக்கொண்டது.

இரண்டாவது, மார்பகம் எடுத்தவர்களுக்கு உள்ளாடைக்குள் வைக்கும் மெத்தை. சிலிக்கோனில் செய்தது ஆயிரக்கணக்கில் விலை, கனமாகவும் இருக்கும், வெயிலில் வியர்த்து ஊறும். பருத்தி நூலில் நெருக்கமான சிங்கிள் கண்ணியில் போட்டு, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு அடைக்கிறோம். கடையில் ரெக்ரான் என்று கேட்டால் தெரியும். இலவம்பஞ்சு வேண்டாம். ஒருமுறை நனைந்தால் கட்டி கட்டியாகிவிடும், தலையணையில் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் நடுவில் சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டும் நூல் இருக்கும். அவிழ்த்துப் பஞ்சைக் கூட்டியோ குறைத்தோ மற்ற பக்கத்துக்குச் சமமாக வைத்துக்கொள்ளலாம், பஞ்சை எடுத்துவிட்டுத் துவைக்கலாம். அறுவைக் காயம் முழுக்க ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகுதான் வைக்க வேண்டும்.

இதைக் கொடுக்கும் முறையும் தனி. காகித உறையில் போட்டு, மேலே ஒன்றும் எழுதாமல், பெண்கள் கையால் பெண்கள் கைக்கு. வாங்கிக்கொள்ள யாரும் நேரில் வருவதில்லை. மகளோ தங்கையோ வந்து, வாசலிலேயே நின்று, ‘இன்னொருத்தருக்கு’ என்பார்கள். யாருக்கு என்று நாங்கள் கேட்பதில்லை. அளவு மட்டும் கேட்போம்.

எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய போர்வை போடலாமா? கின்னஸ் மாதிரி?

சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டருக்குக் குரோஷா போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. எங்கெங்கோ இருந்த பெண்கள் துண்டு துண்டாகப் போட்டு அனுப்பியது. பிறகு அதைப் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்கே கொடுத்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. நாங்கள் பதின்மூன்று பேர், எங்களுக்குக் கின்னஸ் எதற்கு?

துண்டுகளாகப் போட்டு இணைக்கும் யோசனை நல்லதுதான். அமெரிக்காவில் ‘வார்ம் அப் அமெரிக்கா’ என்ற அமைப்பு 7 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்று அளவு வைத்து, 49 துண்டைச் சேர்த்து ஒரு போர்வையாக்குகிறது. ஒருவர் இரண்டே துண்டு போட்டாலும் கணக்கில் சேரும். சிக்கல் நூலைப் பிடிக்கும் இறுக்கத்தில். கோபத்தில் போட்ட துண்டு இறுகும், டி.வி. பார்த்துக்கொண்டு போட்டது தளரும். ஆகவே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 7-க்கு 9 ஆக வெட்டி ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறோம். அதன்மேல் வைத்துச் சரியாக வந்தால்தான் பெட்டிக்குள் போகும்.

முதியோர் இல்லங்களுக்கு?

மடிப்போர்வை, 90-க்கு 90 செ.மீ. போதும். பெரிதாகப் போடாதீர்கள். துவைக்கும் கல்லில் நனைந்த குரோஷா போர்வையைத் தூக்கிப் பிழிந்து பாருங்கள், ஏன் என்று தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஓரத்தில் குஞ்சம் வேண்டாம், சக்கரத்தில் மாட்டும். நிறம் நன்றாகப் பளிச்சென்று இருக்கட்டும். வயதானவர்களுக்குச் சாம்பல் நிறம்தான் பொருத்தம் என்று யார் சொன்னது தெரியவில்லை. ஓர் இல்லத்தில் மிளகாய்ச் சிவப்புப் போர்வைக்கு இரண்டு பாட்டிகளுக்குள் வாய்த்தகராறே வந்தது.

எனக்குப் போடத் தெரியாது. பணம் தரலாமா? வரிவிலக்கு ரசீது கிடைக்குமா?

பணம் வாங்குவதில்லை, கணக்கு எழுத ஆளில்லை. நூல் வாங்கித் தரலாம், ஆனால் என்ன நூல், எத்தனை உருண்டை என்று கேட்டுவிட்டு. ரசீது எங்களிடம் கிடையாது. பதிவு பெற்ற அமைப்புக்கே கொடுத்தாலும் பொருளாகக் கொடுப்பதற்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை இல்லை, பணத்துக்குத்தான்.

ஆண்கள் சேரலாமா?

சேரலாம். ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்ற நடத்துநர். எங்கள் எல்லோரையும்விட ஓரம் நேராக வரும். பேத்தி பிறந்ததும் பெங்களூரு போய்விட்டார்.

கை வலிக்கிறது, கண் மங்குகிறது. விட்டுவிடட்டுமா?

அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வையுங்கள். ஊசியின் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் கட்டைவிரல் வலி குறையும். இரவில் கறுப்பு, கருநீலம் தொடாதீர்கள், கண்ணி தெரியாது. வெளிர்மஞ்சள் நூல் அறுபது வயதுக்கு மேலான கண்ணுக்கு நல்ல தோழி. மணிக்கட்டில் மரத்துப்போகிற மாதிரி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், தைலம் தடவிக்கொண்டு தொடராதீர்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

குளிர்காலத்துக்குரியதை ஆடியில். அப்போதுதான் கார்த்திகைக்குள் மலைப் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் போய்ச் சேரும். பொங்கலுக்குப் பிறகு ஸ்கார்ஃப் கொண்டுவந்தால் அடுத்த வருஷம்வரை என் பெட்டியில்தான் தூங்கும். பச்சிளம் தொப்பிக்குக் காலமே இல்லை.

கொடுத்ததை அவர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா?

எல்லாவற்றையும் இல்லை. சிலது மூலையில் கிடக்கும், சிலது வேறு கை மாறும். நாங்கள் பின்னாலேயே போய்ப் பார்ப்பதில்லை.

ஒருமுறை மட்டும் பென்னாகரம் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு அம்மா, மடியில் இரண்டு வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை. பாப்பாரப்பட்டியில் பஸ் நின்றதும் வேர்க்கடலைக்காரர் ஜன்னலோரம் வந்தார். அந்த அம்மா இடுப்பிலிருந்து ஒரு சின்னச் சுருக்குப்பையை எடுத்தார். வெளிர்மஞ்சள், டபுள் கண்ணி, நான்கு சுற்றுக் கூட்டி ஐந்து சுற்று இறக்கியது. விளிம்பில் ஒரு கறுப்புக் கயிறு கோத்திருந்தார். உச்சி முடிச்சு கொஞ்சம் கோணல். என் கைதான், நான் அப்படித்தான் முடிப்பேன். அதற்குள் விரலை விட்டுப் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, ஒரு பொட்டலம் கடலை வாங்கினார். பிள்ளை எட்டி அந்தப் பையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துப் பார்த்தது. பத்தவில்லை.